எஸ்தெலியில் ஒரு கறுப்புச் சுருட்டு

நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன மஞ்சள் பஸ்கள் இந்த நாட்டில் மறுபிறவி எடுத்து ஓடுகின்றன. அப்படி ஒன்றில் ஏறினால், பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் காற்று குளிரும். மூன்று மணி நேரத்தில் எஸ்தெலி. 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் மூக்கு ஊரைத் தெரிந்துகொள்ளும். ஈரப் புகையிலையின் நெடி அப்படி!

ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர். தோல் பூட்ஸ் தைப்பவர்கள் ஒரு பக்கம், சுருட்டுத் தொழிற்சாலைகள் மறுபக்கம். தெருச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். அவற்றில் சிரிக்கும் குழந்தைகளும் உண்டு, துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு. 1978, 79-ல் சொமோசாவின் ஆட்சிக்கு எதிராக சாந்தினிஸ்தா போராளிகள் எழுந்தபோது, சொந்த அரசாங்கத்தின் விமானங்களே குண்டு போட்ட ஊர் இது.

சுருட்டு இந்த ஊருக்கு வந்தது கியூபாவிலிருந்து. 1959-ல் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். 1962-ல் அமெரிக்கா கியூபாவுடனான வர்த்தகத்தைத் துண்டித்தது. ஊரைவிட்டு வெளியேறிய கியூப விவசாயிகளும் வியாபாரிகளும், தங்கள் ஊர் மண்ணைப் போன்ற ஒரு மண்ணைத் தேடி அலைந்தார்கள். எஸ்தெலி, அதற்கு வடக்கே கொந்தேகா, ஹொண்டுராஸ் எல்லையோரம் ஹலாப்பா. மூன்று பள்ளத்தாக்குகளிலும் மண் வேறு, இலையும் வேறு. எஸ்தெலி இலைக்குத்தான் காட்டம் அதிகம்.

வந்தவர்களில் ஒருவர் ஹொசே ஒர்லாந்தோ பத்ரோன். 1964-ல் மியாமியில் சிறிதாகத் தொடங்கி, 1970-ல் நிகரகுவாவுக்கு வந்தவர். 1978 கலவரத்தில் அவருடைய எஸ்தெலி தொழிற்சாலை எரிந்தது. மறுபடி கட்டினார். 1985-ல் ரீகன் அரசு நிகரகுவா மீதும் வர்த்தகத் தடை போட்டது. கியூபாவில் பட்டது போதாதென்று இங்கேயும்! 1990-ல் தடை நீங்கிய பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. இன்று அமெரிக்கர்கள் வாங்கும் கையால் சுற்றிய சுருட்டுகளில் நிகரகுவாவுக்குத்தான் முதலிடம். அந்தச் சுருட்டுகளில் பெரும்பகுதி இந்த ஒரே ஊரில் உருவாகிறது.

எஸ்தெலி சுருட்டுகளில் தனி மரியாதை ‘மதுரோ’வுக்கு. தமிழ்க் காதுக்கு ‘மதுரம்’ என்று கேட்கும். சொல்லுக்குச் சம்பந்தம் இல்லை. ஸ்பானிஷ் மொழியில் ‘பழுத்தது’ என்று பொருள். ஆனால் சுவையில் சம்பந்தம் உண்டு. காபிக்கொட்டையை நன்றாக வறுத்த நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இந்த மேலிலையில் மெல்லிய இனிப்பு இருக்கும்.

அந்தக் கறுப்பு சாயமல்ல. பறித்த இலைகளைக் கோத்து, உயரமான கொட்டகைகளில் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிறது. பிறகு லேசாக நனைத்து, ஆள் உயரத்துக்கு அம்பாரமாக அடுக்குகிறார்கள். பெயர் ‘பிலோன்’. வைக்கோற்போர் உள்ளுக்குள் சூடாவதுபோல, இதுவும் தானாகவே சூடாகும். நடுவில் நீளமான தெர்மாமீட்டர் செருகியிருக்கும். சூடு எல்லையைத் தொட்டதும் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்க வேண்டும். அப்போது எழும் அம்மோனியா நெடியில் கண்கள் எரியும், தொண்டை கமறும். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியே ஓடிவிடுகிறார்கள். வேலை செய்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மதுரோவுக்கு இந்தச் சூடு அதிகம், காலமும் அதிகம். மெல்லிய இலை தாங்காது, கிழிந்து கூழாகிவிடும். அதனால்தான் தடித்த இலையைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் விளையும் ‘பிராட்லீஃப்’, மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. பொறுமை இல்லாதவர்கள் இலையை வேகவைத்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்குவதும் உண்டு. இயற்கையாகக் கறுத்த இலையில் நிறம் ஒரே சீராக இருக்காது. அங்கங்கே திட்டும் நரம்பும் தெரியும். மை பூசியதுபோல் ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம்.

‘கறுப்பாக இருந்தால் காட்டம் அதிகம்’ என்பது பலரும் நம்பும் விஷயம். தவறு. காட்டம் பெரும்பாலும் மேலிலையில் இல்லை, உள்ளே இருக்கிறது. செடியின் அடியில் இருக்கும் இலை மென்மை, நடுவில் இருப்பது மணம், உச்சியில் வெயிலைக் குடித்து வளர்ந்தது காட்டம். அந்த உச்சி இலைக்குப் பெயர் ‘லிஹேரோ’. பொருள் என்ன தெரியுமா? ‘லேசானது’! பெயரை நம்பி இழுத்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே வைக்கும் இலைகளை மொத்தமாக ‘திரிப்பா’ என்கிறார்கள். குடல் என்று அர்த்தம். அது கொஞ்சம் நேர்மையான பெயர்.

சுற்றும் கூடத்தில் இரண்டு இரண்டு பேராக வேலை. ஒருவர் உள்ளிலைகளை மடித்துச் சேர்த்து, காட்டமான லிஹேரோவை நடுவில் வைத்து, அச்சில் அழுத்துகிறார். மற்றவர், பெரும்பாலும் பெண், பிறைநிலா வடிவக் கத்தியால் மேலிலையை நறுக்கி, சாய்வாகச் சுற்றி, தலைப்பில் ஒரு பொட்டு இலையைப் பசை தொட்டு ஒட்டுகிறார். பார்க்கச் சுலபம். உள்ளே ஓர் இலை முறுக்கிக்கொண்டால் புகை வராது. தளர்ந்துவிட்டால் பக்கவாட்டில் எரிந்து பாழாகும். இழுவை சரியா என்று பார்க்க இயந்திரம் வந்துவிட்டது. சுவைக்கு இன்னும் மனிதர்தான்.

சுவை பார்ப்பது பெரும்பாலும் காலையில், நாக்கு களைக்கும் முன்னால். வெறும் வயிறு கூடாது. காகிதப் பட்டை இல்லாத சுருட்டு, ஓர் எண், ஒரு தாள், ஒரு பென்சில். 1992-ல் தொடங்கிய ‘சிகார் அஃபிஷியனாடோ’ போன்ற பத்திரிகைகள் 100-க்கு மதிப்பெண் போடும்போதும் பட்டையைக் கழற்றித்தான் கொடுக்கின்றன. பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

முதலில் விரல்கள். அடியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லாகவும் கூடாது, பஞ்சாகவும் கூடாது. பிறகு மூக்கு. மதுரோவின் மேலிலையில் உலர்திராட்சையும் கருப்பட்டியும் கலந்த வாசம் வர வேண்டும். அம்மோனியா வாடை மிச்சம் இருந்தால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். அவசரப்பட்டு அம்பாரத்தைப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தலைப்பை வெட்டி, பற்ற வைக்காமலே ஓர் இழுப்பு. உறிஞ்சுகுழல் போல் காற்று வர வேண்டும்.

பற்ற வைத்த பிறகு அவசரம் ஆகாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். வேகமாக இழுத்தால் இலை சூடேறி, எத்தனை நல்ல சுருட்டும் கசந்துவிடும். புகையை நெஞ்சுக்குள் விடுவதில்லை. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியேற்றுகிறார்கள். மிளகு தெரிவது அந்த வழியில்தான்.

சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்துக் குறிப்பெழுதுவது வழக்கம். எஸ்தெலி சுருட்டின் முதல் பாகத்தில் மிளகு முந்திக்கொண்டு வரும். நடுவில் அது அடங்கி, இனிப்பில்லாத கோகோவும் வறுத்த காபியும் தலைகாட்டும். கடைசிப் பாகத்தில் எல்லாம் கனத்து, ஈர மண்ணும் தோலும் கலந்த ஒரு வாசம். தோல் வாசம் என்றெல்லாம் எழுதுவது கொஞ்சம் கவிதைதான். இரண்டு பேர் ஒரே சுருட்டில் ஒரே பழத்தைக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஆனால் சுவை மாறுகிறதா, கடைசிவரை ஒரே மாதிரி இருக்கிறதா என்பதில் பழகிய நாக்குகளுக்குள் பெரிய தகராறு வராது. முதல் ஐந்து நிமிடம் இனிப்புக் காட்டிவிட்டு அப்புறம் வெறும் கரியாகும் மதுரோக்கள் நிறைய. அவை தோற்றவை, எத்தனை விலை இருந்தாலும்.

கனம் வேறு, காட்டம் வேறு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கனம் என்பது வாயில் தெரிவது. தண்ணீர்க் காபிக்கும் கெட்டி டிகாக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசம் அது. காட்டம் நிகோட்டினுடைய வேலை. அது தலையிலும் வயிற்றிலும் தெரியும். நெற்றி வியர்க்கும், குமட்டும், தரை நழுவும். அப்போது சர்க்கரையோ இனிப்புப் பானமோ கொடுப்பார்கள்.

சாம்பலுக்கும் மதிப்பெண் உண்டு. முழு நீள இலைகளால் சுற்றியது என்றால் சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்கும். 1887-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் சிந்திய சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

இத்தனை நுட்பமும் எதற்கு என்று கேட்டால், எஸ்தெலியிடம் பதில் இல்லை. புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று சுருட்டுப் பிரியர்கள் சொல்வதுண்டு. மருத்துவம் ஏற்கவில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வர அந்த வாயளவுப் புகையே போதும். ஒரு பெரிய சுருட்டில், ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். புகைக்காதவர்களையும் இலை விடுவதில்லை. மழையிலோ பனியிலோ நனைந்த பச்சை இலையைப் பறிப்பவர்களுக்கு நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கி, வாந்தியும் மயக்கமும் வருகிறது.

ஆனாலும் இந்த ஊரின் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடனும் இந்த இலையில்தான் அடைகின்றன. பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்குத் தொழிற்சாலையை விட்டால், எல்லை தாண்டி கோஸ்டாரிகாவுக்கு வீட்டு வேலைக்குப் போவதுதான் பல நேரம் மிச்சம் இருக்கும் வழி. அமெரிக்கக் கடையில் ஒரே ஒரு மதுரோ 10, 15 டாலருக்கு விற்கும். அதைச் சுற்றிய கைக்கு அதில் மிகச் சிறிய துண்டுதான் வந்து சேர்கிறது. சுவைத்தாளில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

மூன்றாவது பாகத்தின் நடுவில் சுவை பார்ப்பவர் சுருட்டைக் கீழே வைத்துவிடுகிறார். நசுக்கி அணைப்பதில்லை. நசுக்கினால் நாறும்; தானாக அணையட்டும் என்று விடுகிறார்கள். தாளில் ஓர் எண்ணை எழுதி, வாயைக் கொப்பளித்து, அடுத்ததை எடுக்கிறார். மாலையில் வேலை முடிந்ததும் வாசலில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கும். பெண்கள் கைகளை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், விரல் நுனியில் அந்தப் பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. பஸ் கிளம்பி வெகுநேரம் கழித்தும் தெருவில் அந்த நெடி நிற்கிறது.