நைனா படிச்ச படிப்பு

எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். எங்க நைனா போய் இந்த மாசியோட பத்தொன்பது வருஷம் ஆகுது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுஷன். எங்கே போனாலும் கைநாட்டுதான். ஆனா மல்லாட்டையைப் படிக்கிறதில் அவரை மிஞ்ச எங்க ஊரில் ஆள் கிடையாது.

மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலை. மணிலாக்கொட்டைங்கிறது எங்க வாயில் மல்லாட்டை ஆயிடுச்சு. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கிருந்து வந்த ரகங்களுக்கு டிஎம்வி என்று பேர். அந்த எழுத்துக்குள்ள இருக்கிறது திண்டிவனம்தான். நைனா போட்டது 1967ல் வந்த டிஎம்வி 7. "ஏழாம் நம்பரு" என்பார்.

அதுக்கு 105 நாள் கணக்கு. நைனா நாளை மட்டும் நம்பமாட்டார். 90 நாள் தாண்டினதும் கொல்லையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடி பிடுங்குவார். காயை உடைச்சு, பருப்பை எங்க கையில் கொடுத்துட்டு, ஓட்டின் உள்பக்கத்தை வெயிலில் காட்டிப் பார்ப்பார். வெளுப்பா இருந்தா முத்தலை. கறுத்திருந்தா முத்திடுச்சு. முந்திப் பிடுங்கினா காயும்போது பருப்பு சுருங்கி எடை போயிடும். பிந்தி, மழையும் பிடிச்சுக்கிட்டா, மண்ணுக்குள்ளயே முளைச்சிடும். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து உட்கார்ந்திருந்த வருஷத்திலும், "இன்னும் வெளுப்பா இருக்குது, நாலு நாள் போவட்டும்" என்றுதான் சொன்னார்.

விற்க விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போவோம். எங்களுக்கு அது கமிட்டி. அப்போ இது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ல்தான். நான் எட்டாவது படிக்கும்போதிருந்தே பள்ளிக்கு லீவு போடச் சொல்லி என்னைக் கூட்டிக்கிட்டுப் போவார். மூட்டை தூக்க இல்லை, விலைச் சீட்டைப் படிக்க.

எங்க சீட்டைப் படிச்சதும் கிளம்பமாட்டார். பக்கத்தில் நிக்கிற எழுத்து தெரியாத பெரியவங்க சீட்டையெல்லாம் வாங்கி என் கையில் கொடுப்பார். "படிச்சுச் சொல்லுடா. எடையையும் வெலையையும் பெருக்கிப் பாரு." கடைசி ஆள் கணக்கு முடிஞ்ச பிறகுதான் டீக்கடை. ஒரு நாள் பஸ்ஸுக்கு நிக்கும்போது சொன்னார்: "அடுத்தவன் மூஞ்சியப் பாத்து வெலையத் தெரிஞ்சிக்கிற பொழப்பு என்னோட போவட்டும்." அவ்வளவுதான். பத்தாவது வரைக்கும் நான் படிச்சது அந்த ஒரு வார்த்தையால்.

விதைக்காய் மூட்டையில் வீட்டில் யாரும் கை வைக்க முடியாது. எந்தப் பஞ்சத்திலும் அம்மாவுக்கு ஒரு பிடி தரமாட்டார். ஆனா ஒரு வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரர் விதைச்சது மழையில் அழுகிப்போச்சு. நைனா எங்க விதையில் பாதியை அளந்து கொடுத்துட்டார். எங்க நிலத்தில் பாதிக்குக் கம்புதான் தெளிச்சோம். அம்மா ரெண்டு நாள் அவரோட பேசவே இல்லை. அவரும் சமாதானம் சொல்லலை.

இப்போ எங்க கொல்லைக்கு ரெண்டு கொல்லை தள்ளி பிளாட் போட்டுக் கல் நட்டாச்சு. புரோக்கர் மூணு தடவை வந்துட்டார். சென்னையில் இருக்கிற பையன், "உங்க இஷ்டம்பா" என்கிறான். நிலம் இருந்தாலும் போனாலும் பத்திரத்தில் இருக்கும். நைனா ஓட்டைப் பார்த்த பார்வை எந்தப் பத்திரத்தில் இருக்கும்? அதனால்தான் இந்த மார்கழியிலும் நானும் வீட்டுக்காரியும் விதையைக் கையாலயே உடைச்சுப் போட்டிருக்கோம். சித்திரையில் பிடுங்கும்போது பையனை வரச் சொல்லியிருக்கேன். முடிவைப் பிறகு பேசிக்கலாம்.

நீங்களும் அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டில் அவிச்ச மல்லாட்டை வாங்கினா, ஓட்டை எறியறதுக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு பார்வை பாருங்க. கறுத்திருந்தா, யாரோ ஒருத்தர் அவசரம் இருந்தும் நாலு நாள் பொறுத்திருக்கார்.