நடுகல் தந்த மலை

முத்தையா ஐயா, ஆகஸ்ட் பிறந்துவிட்டது. நீர் நாள் குறித்துத் தந்த விழா வருகிறது, நீர் வரவில்லை. 1639இல் கடலோர மணல்திட்டு ஒன்று கைமாறிய ஆகஸ்ட் 22ஐ, சென்னை தன் பிறந்தநாளென்று கொண்டாட 2004இல் நண்பர்களோடு வழிசெய்தீர். அன்றுதொட்டு ஜார்ஜ் டவுன் தெருக்களிலும் மயிலை மாடவீதிகளிலும் வெயில் ஏறுமுன் மக்கள் திரண்டு நடக்கிறார்கள். கதை சொல்வார் ஒருவர் முன்செல்ல, காதைத் தீட்டிக்கொண்டு பின்செல்கிறார்கள். பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் இதழாளராகி, 1968இல் இங்கு வந்து குடியேறியவர் நீர். இம்மண்ணிலேயே பிறந்தோர் காணாத நகரை 1981இல் நூலாக்கி அவர்கள் கையிலேயே தந்தீர். 2019 ஏப்ரல் 20 அன்று அந்தக் குரல் அடங்கிற்று. காத்தோன் மாய்ந்தபின் புலவர்க்கு வாய்த்த துறை கையறுநிலை. புலமை இல்லா எனக்கும் இன்று அதுவே வாய்த்தது.

யான் தென்புறத்துக்காரன். கடற்கரையினின்று தாம்பரத்துக்கு 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தோரம் வாழ்பவன். என் பின்னே நடக்க வருவோரைப் பல்லாவரத்தில் இறக்கிவிடுகிறேன். ‘இங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்கிறார்கள். இங்கே கோட்டை இல்லை, மாளிகை இல்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலும், வானூர்தி தாழும் ஓசையும், வெள்ளிக்கிழமையானால் சந்தையில் பரப்பிவைத்த பழைய வானொலிகளும் கடிகாரங்களும் கால் உடைந்த நாற்காலிகளுமே கண்ணில் படும். பிறர் வாழ்ந்து முடித்த வீடுகளின் பண்டங்கள் அவை.

ஆயினும் இந்த மண்ணிலன்றோ 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்தார்! படைகள் அணிவகுக்கும் திடலருகே, சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல் கிடந்தது. மனிதக் கை செதுக்கிய கல். இந்நாட்டில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அது. சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையின என்று நம் காலத்து ஆய்வு சொல்கிறது. நகரின் பிறப்பை நாம் நானூறு ஆண்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்க, அந்தக் குழி எத்தனை யுகங்களை மடியில் வைத்திருந்தது!

மண்ணே, நீ பிணங்களையும் பெருமையோடு காத்தாய். கால்கள் பல கொண்ட சுடுமண் ஈமப்பேழையில் தம்மவரை இட்டு உன்னிடம் ஒப்படைத்த மக்கள் யாவரென்று பெயர் தெரியாது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அந்தப் பேழையைத் தோண்டி எடுத்த நாள்வரை நீ எவரிடமும் சொல்லவில்லை.

மலையே, உன்னிடம்தான் எனக்கு ஆற்றாமை. மகேந்திரவர்மன் உன் நெஞ்சைக் குடைந்து கோயிலாக்கித் தன் விருதுப் பெயர்களைப் பொறித்தான். இன்று அக்குகை தர்கா, இசுலாமியர் தொழுகின்றனர். பச்சைத் துணியின் நறுமணத்தினூடே பல்லவத் தூண் நிற்கிறது. அரசன் பெயரும் அழியவில்லை, வழிபாடும் ஓயவில்லை. இவ்வளவு பெருந்தன்மை உள்ள உன்னை நாங்கள் என்ன செய்தோம்?

என்னோடு நடப்போரிடம் உன் துண்டொன்றைக் கையில் தருவேன். கரிய கல், தொட்டால் கனக்கும். உடைந்த முகத்தை வெயிலில் சற்றே சாய்த்தால், எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கருமைக்கிடையே பளிங்குத் துகள்கள் நீலம் காட்டும். கொல்கத்தாவுக்கு வித்திட்டவரென நெடுங்காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்குக்கு, அந்நகரத்துச் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் எழுப்பிய கல்லறைக்கு இந்த மலைப்பக்கத்துக் கல்லே கடல்வழி போயிற்று. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், புதைந்தவர் பெயரையே பாறைக்கு இட்டார். உலகெங்கும் நிலவியலார் சார்னோகைட் என்கிறார்கள். அயலூரானுக்கு நடுகல் தந்தாய். அவன் பெயரையும் சுமந்தாய். உன் பெயரைக் கேட்பாரில்லை.

பிறகு வெடி வந்தது. திரிசூலத்திலும் பம்மலிலும் உன்னை ஜல்லியாக்கி லாரி லாரியாய் ஏற்றினோம். வீடு நாங்கள் கட்டியவை, சாலை நாங்கள் போட்டவை. கூரையின்கீழ் உறங்கிய எவரும் இதில் கைகழுவ இயலாது. நீ இருந்த இடத்தில் ஆழக் குழிகளில் பச்சைநீர் நிற்கிறது. நான்கு குன்றுகள் சூழச் சோழர் எடுத்த திரிசூலநாதர் கோயிலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், வெட்டுண்ட பாறைமுகம் ஆறாத புண்ணாய் எதிர்நிற்கிறது.

ஐயா, சுவரொன்று இடியப்போகிறதென்றால் அதை உம் இதழில் ஊரறிய எழுதினீர். 1991 முதல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ அந்த வேலையை விடாது செய்தது. கட்டடத்துக்குக் கட்டியவன் பெயரும் ஆண்டும் உண்டு. அதைச் சொல்லி வழக்காடலாம். மலைக்கு எந்த ஆண்டைச் சொல்லி யான் மன்றாடுவேன்? இந்தத் தென்புறத்தைப் பாட உம் போன்றதொரு நா வேண்டியிருக்கையில் எம்மை விட்டுப் போனீரே.

உமக்கொரு நடுகல் நாட்டவேண்டுமென்று உள்ளம் பதைக்கிறது. அதற்கென்று இங்கே மேலும் ஒரு கல்லை வெட்ட மனம் ஒப்பவில்லை. வெடிபடாமல் நிற்கும் பாறையொன்றின் அருகே இன்று வந்த பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன். ஃபூட்டின் கதையை முதலில் சொல்லப்போகிறேன். உம் கதை அதற்கடுத்து.