பம்ப் மாத்தின கதை

எங்கட பழைய ஸ்டார்லெட் டர்போவுக்கு பூஸ்டைக் கூட்டினம். பிறகு முழுசா மிதிச்சால் என்ஜினுக்குள்ள கல்லு அரைபடுற சத்தம். காற்று கூடிப்போச்சு, பெற்றோல் காணேல்லை. அப்பிடியே ஓடினால் பிஸ்டன் உருகும். பூஸ்ட் ஏற ஏற பெற்றோல் அழுத்தமும் ஏறும். அழுத்தம் ஏறினால் பம்ப் தள்ளும் அளவு குறையும். காசு சேர்த்து, மணிக்கு 255 லீற்றர் தள்ளும் வால்ப்ரோ பம்ப் வாங்கிப் போட்டோம் (அம்மாவுக்கு இன்னும் விலை தெரியாது). சத்தம் நிற்கவில்லை! மீற்றர் பிடித்துப் பார்த்தால், என்ஜின் ஓடும்போதே பம்புக்குப் போனது 10.5 வோல்ட்தான். எல்லாம் பழைய வயர். பற்றரியிலிருந்து தடிச்ச வயர் இழுத்து, பியூஸ், ரிலே போட்டதும் 13.5 வந்தது. சத்தம் போயிற்று. முதலே வயரை மாத்தியிருந்தால் பழைய பம்பே காணுமோ என்று எங்களுக்குள் இப்பவும் சண்டை.