நான்கு வரிப் பாடம்

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஊற்றி வைக்கும் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். தொடக்கப்பள்ளி அறிவியலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லித்தருவது சுருக்கமாக இவ்வளவுதான். நாங்கள் படித்த காலத்திலும் இதேதான். இப்போது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள் சத்தம் போட்டு ஒப்பிப்பதும் இதேதான். எந்த வரியிலும் பிழையில்லை. ஆனால் முதல் மூன்று வரிகளுக்கும் சேர்ந்தாற்போல் பொருந்துகிற தண்ணீரை எங்கள் தெருவில் யாரும் குழாயில் பிடித்ததில்லை.

எங்களிடம் இருப்பது போர் தண்ணி, பாலாத்துத் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் பாலாத்துத் தண்ணீர் சமைக்க. கேன் குடிக்க. போர் தண்ணீர் சில வீடுகளில் தெளிவாக வந்து, வாளியில் நிற்க நிற்கப் பழுப்பாகும். அதில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. குழாய்த் தண்ணீரில் சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கும். சுவையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விருந்தாளி டம்ளரோடு தவறான குழாய்ப் பக்கம் போனால், "ஐயோ, அது போர் தண்ணிங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும்.

பாடம் தண்ணீரிடம் இல்லாதவற்றைத்தான் அதிகம் சொல்கிறது. அது செய்கிறவற்றைச் சொல்லித்தந்தால் பிள்ளைகளுக்கு அறிவியலோடு சொந்த ஊரும் சேர்ந்து புரியும் என்பது, இந்தப் புறநகரில் நெடுநாள் குடியிருப்பவன் என்ற முறையில் என் எண்ணம்.

தண்ணீர் கரைக்கும். வராந்தாவில் பிள்ளைகளை உட்காரவைத்து நான் அடிக்கடி செய்து காட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மூன்று சொட்டு விட வேண்டும்: பிடித்து வைத்த மழைத்தண்ணீர், கேன் தண்ணீர், போர் தண்ணீர். வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் மூன்றும் காய்ந்துவிடும். மழைச்சொட்டு இருந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கேன் சொட்டு மங்கலான தடம் ஒன்றை விட்டுப் போகும். போர் சொட்டு மட்டும், கோலமாவில் வட்டம் போட்டதுபோல் வெள்ளையாக நிற்கும். "இது எங்க இருந்துச்சு, தாத்தா?" என்று கேட்பார்கள். தண்ணீருக்குள்தான் இருந்தது, கரைந்திருந்ததால் தெரியவில்லை.

தண்ணீருக்குள் அது எப்படி வந்தது என்பதற்குப் பதில் பல்லாவரத்து மலையில் இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன இந்தப் பாறைதான். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. பாறை வெடிப்புகளில் வருஷக்கணக்கில் ஊறிக் கிடக்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. சோப்பை நுரைக்கவிடாமல் செய்வது இவைதான். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகக் கெட்டிப்படுவதும் இவைதான். பாறையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில், அரை கிரவுண்டு மனைக்குள் செப்டிக் டேங்கும் போரும் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கின்றன. தண்ணீர் எதையும் பேதம் பார்க்காமல் கரைத்துக்கொள்ளும்.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. மகாபலிபுரம் போகும் வழியில் நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலை, அந்தக் கடல்நீரை மிக நுண்ணிய சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. வீட்டுச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டி செய்வதும் அதே வேலைதான். ஒரு குடம் நல்ல நீருக்கு அதைவிட அதிகமான நீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுச் செய்கிறது. கரைவது இலவசம், பிரிப்பதற்குத்தான் கரண்டும் காசும்.

தண்ணீர் லேசில் சூடாகாது, லேசில் ஆறாது. இதைச் சோதித்துப் பார்க்க மே மாதம் போதும். முற்பகலிலேயே தார்ச்சாலை கொதிக்கிறது. அதே வெயிலில் வங்காள விரிகுடா கொதிப்பதில்லை. நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. திருவான்மியூருக்கு முதலில், தாம்பரத்துக்குப் பிந்தி. கடற்காற்று சீக்கிரம் வரும் நாளில் வெக்கை அடங்கும். வர மறுக்கும் நாளில் மீனம்பாக்கத்து வெப்பமானி நுங்கம்பாக்கத்தைத் தாண்டி ஏறும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் காரணம் தண்ணீரே. பானையின் வெளிப்பக்கம் கசியும் நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயிருந்து எடுத்துக்கொள்கிறது. மதுரையில் ஜில்லென்று குளிர வைக்கும் பானை இங்கே அவ்வளவு சோபிக்காததற்குக் காரணம், நம் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம்.

தண்ணீர் கனக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எளிய வரிதான், ஆனால் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறும் பையனுக்கும், லாரி நின்ற இடத்திலிருந்து பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் சுமந்துவரும் அம்மாக்களுக்கும் இதுதான் தண்ணீரின் முதல் பண்பு. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன்களில் தண்ணீர் வில்லிவாக்கம் வந்தது. மொத்தம் 25 லட்சம் லிட்டர். அதாவது 2,500 டன். அந்த ரயிலைத் தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் வியந்தோம். அதைவிடப் பெரிய சுமையை மேகங்கள் வருஷந்தோறும் நம் தலைக்கு மேலேயே கொண்டுவந்து இறக்குவதை அப்படி வியந்து பார்ப்பதில்லை.

கனம் இருப்பதால்தான் தண்ணீர் பள்ளம் தேடுகிறது. வீடு கட்டும்போது கொத்தனார் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசலிலும் மறு முனையைப் பின்கட்டிலும் பிடித்து மட்டம் பார்ப்பார். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இந்தப் பக்கத்து ஏரிகளை வெட்டியவர்கள் ஊர் முழுவதையும் இப்படித்தான் மட்டம் பார்த்திருக்கிறார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, அதைவிடத் தாழ்வான அடுத்த ஏரிக்குப் போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பரவும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம், கடல். பள்ளிக்கரணை 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பை மேடும் சாலைகளும் அடுக்குமாடிகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடம் அது.

தாம்பரத்துக்கு மேற்கே பெய்வதற்கு வேறு வழி. அது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரோடு சேர்ந்து அடையாறாகிறது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. மாடியிலிருந்தவர்களைப் படகில் இறக்கினார்கள். அந்த நாட்களில் எல்லார் வாயிலும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட பேச்சுதான். கீழே சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்து வெள்ளத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது முக்கியமாக அதன் தலைமாட்டில் நிறைந்து வழிந்த ஏரிகளும், அங்கேயே கொட்டிய மழையும்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற மூன்றாம் வகுப்பு விஷயம் தெரிந்திருந்தால் பெரியவர்களின் வாக்குவாதம் பாதி குறைந்திருக்கும்.

திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாகவும், வடியும்வரை அவர் மாதக்கணக்கில் எதிரே காத்திருந்து பிறகு சேவித்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொண்டாலும், இந்தப் பக்கம் தண்ணீர் வந்து நிற்கும் பூமி என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம். கலங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

மழையை அளப்பதும் பிள்ளைகளுக்கு ஏற்ற கணக்குதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த ஒரே நாளில் ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் விழுந்தது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். நூறு டன்னுக்கும் மேற்பட்ட சுமை. சாதாரண வருஷத்தில் சென்னைப் பக்கம் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. 1,200 சதுர அடி மொட்டை மாடியில் அது ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரி பதின்மூன்று. அதுவும் தட்டில் தடம் விடாத தண்ணீர். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் மாடியிலிருந்து குழாய் இறங்காத வீடு இன்று அபூர்வம். அந்தக் குழாய் போய்ச் சேரும் தொட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்பதைத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

எனக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பாக்கியம் கிடைத்தால், நான்கு வரிகளையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைச் சேர்ப்பேன்: "உன் தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எங்கே போய் நிற்கிறது?" இரண்டு மதிப்பெண். இதற்கு நோட்ஸ் கிடையாது. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால்தான் எழுத முடியும். வீடு வாங்கப் போகும் பெரியவர்களும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் எழுதிப் பார்ப்பது நல்லது.