கூட்டுவோரும் கட்டுவோரும்

வெலிமடையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் கவ்வாத்துக் காலத்தைக் கண்டவர் அக்காட்சியை மறவார். பச்சைப் போர்வையுடன் விளங்கிய மலை சில நாள்களுள் வெறுங் கட்டையும் கொம்புமாய் நிற்கும். எம் தந்தையார் அத்தொழிலிற் கைதேர்ந்தவர். எமக்குப் பத்து வயது நடந்த காலை, ஒருநாட் கத்தி வழுக்கி அவர்தம் இடக்கையில் ஆழப் பாய்ந்தது. புண் வீங்கிச் சிவந்தது. சில கிழமைகளிற் பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பான புதுத்தோல் தோன்றிற்று. அழுகியதை அகற்றியவர் யார், புதியதைக் கட்டியவர் யார் என யாம் வினவினோம். "ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கும் தம்பி. மலையை வெட்டுறதும் நாந்தான்; வாதை ஒதுக்கி, பாசி சுரண்டி, செடியைத் தழைக்க வைக்கிறதும் நாந்தானே" என்றார். அவ்விடையின் ஆழத்தை உணர எமக்கு நெடுங்காலம் சென்றது.

பின்னர் எம் கல்லூரியின் விலங்கியல் வகுப்பிலே மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞரைப்பற்றிக் கேட்டோம். 1882 இல், இத்தாலியின் மெசீனா நகரில், கண்ணாடிபோலத் தெளிந்த உடலுடைய நட்சத்திரமீன் குடம்பிகளுள் அவர் ரோசா முட்களைச் செருகினார். மறுநாட் காலை, நகருங் கலங்கள் முட்களைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. நோயை எதிர்க்கும் ஆற்றல்பற்றிய ஆராய்ச்சிக்காக 1908 இல் ஏர்லிச் என்பாருடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இக்கலங்களுட் பெரியவற்றை மக்ரோபேஜ் என்பர். யாம் பெருந்தின்கலம் என்போம். "இவை உடலின் வாயிலைக் காத்துக் குப்பையைக் கூட்டுபவை" என்றார் எம் ஆசிரியர். அன்றைய அறிவுக்கு அது பொருந்தும். ஆயின் கதையின் பாதி அதுவே.

மறுபாதியைத் திறந்த சாவி ஒரு வாங்கியாகும். பெருந்தின்கலத்தின் மேற்பரப்பிலே, செவிபோல வெளியே நீண்டும் உள்ளே வேரூன்றியும் அஃது அமைந்துள்ளது. அயற்கலங்கள் சுரக்கும் சீ.எஸ்.எவ். 1 என்னும் வளர்ச்சிக் காரணி அதனிற் பொருந்தும்போது, வாங்கிகள் இரண்டு இணைகின்றன. ஒன்றிலொன்று பொசுபேற்றை ஏற்றுகின்றன. அச்செய்தி படிப்படியாகக் கருவை அடைகின்றது. 'வாழ்க, பெருகுக, தொழில் செய்க' என்பதே அச்செய்தியின் சாரம். அழைப்புக் கிட்டாத பெருந்தின்கலங்களுட் பல மடிந்தொழியும்.

அழைப்பு அற்றுப்போயின் உடலுக்கு நேர்வது யாது? ஆய்வுகூடச் சுண்டெலிகளுள் ஒரு மரபின, பல் முளையாமலும், என்புகள் வேண்டாதவாறு திணிந்தும் வளர்ந்தன. சீ.எஸ்.எவ். 1 இனை ஆக்கும் பரம்பரையலகு பழுதுற்றமையே காரணம் என 1990 இல் அறியப்பட்டது. என்பைக் கரைக்குங் கலங்களும் பெருந்தின்கலங்களின் குடியைச் சேர்ந்தவையே. அவை கரைத்து வழி விட்டாலன்றிப் பல் வெளிவராது. என்பினுள் மச்சைக்கு இடமும் அமையாது. அச்சுண்டெலிகளின் பாற்சுரப்பிகளும் செவ்வனே கிளைக்கவில்லை. 2002 இல் வாங்கியையே நீக்கிப் பார்த்தபோதும் இத்தகைய குறைகள் தோன்றின.

மூளையினுள்ளும் இவ்வினக் கலங்கள் வாழ்கின்றன. அவை முளையத்தின் கருவூண்பையிற் பிறந்து, மூளை உருவாகும் ஆரம்ப நாள்களிலேயே அங்கே குடியேறியவை என 2010 இற் சுண்டெலிகளிற் காட்டப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற வாங்கிப் பரம்பரையலகைப் பெற்ற குழந்தைகள் சிலருக்கு மூளையின் அமைப்பும் என்பின் அமைப்பும் ஒருங்கே குறைபட்டமை 2019 இல் வெளியாயிற்று. வந்து குடியேறிய கலங்கள் இன்றி அவ்வுறுப்பு முழுமை எய்தாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

அழைப்பு மிகினும் கேடுண்டு. மூட்டுச் சவ்வில் எழும் ஒருவகைக் கட்டி, இதே காரணியை மிகுதியாகச் சுரந்து பெருந்தின்கலங்களைத் திரட்டிக்கொண்டு பருக்கின்றது. இவ்வாங்கியை அடைக்கும் மருந்தொன்று அந்நோய்க்கென 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உழைப்பாளி ஒருவனே, அழைப்பவன் யாவன் என்பதிலேயே ஆக்கமும் அழிவும் தங்கியுள்ளன.

இவற்றைக் கற்குந்தோறும் எம் தந்தையாரின் தழும்பே நினைவில் எழுகின்றது. காட்டை வெட்டியோர், கல்லைப் பெயர்த்தோர், புல்லைக் களைந்தோர் என்றே மலையகத்தாரை உலகம் அறிந்தது. அவர்கள் வெட்டிய இடத்திலேயே ஒரு நாட்டின் செல்வம் தளிர்த்ததை எண்ணியவர் சிலரே. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர்; நாடற்றோராய் எஞ்சி நின்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. எம் தந்தையார் அந்நாளைக் காணவில்லை.

இளைய மாணவர்காள், நுணுக்குக்காட்டியில் இக்கலத்தைக் காணும்போது அதனைத் துப்புரவாளன் என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதி விடாதீர்கள். கூட்டுவோரே கட்டுவோருமாவர். இதனை எம் தந்தையார் எந்நூலும் கல்லாது அறிந்திருந்தார். யாம் பல நூல் கற்றே அறிந்தோம்.