சுண்டெலிக்கு ஒரு பாக்கி

ஆண் சுண்டெலிக்கு முலைக்காம்பே கிடையாது, தெரியுமோ உங்களுக்கு? கருவில் 14-ம் நாள் வாக்கிலேயே அதன் டெஸ்டோஸ்டீரோன் அந்த மொட்டைக் கருக்கிவிடுகிறது. பெண்ணுக்கோ ஐந்து ஜோடி! பருவம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் பால் குழாய்களை நீட்டிவிடும். கர்ப்பமானதும் புரோஜெஸ்டிரானும் புரோலாக்டினும் வந்து கிளை பரப்பி, பால் சுரக்கும் அறைகளைக் கட்டும். கொத்தனார், சித்தாள் மாதிரி முறை வைத்து வேலை.

1932-ல் பாரீஸில் அந்துவான் லகசான் என்ற ஆராய்ச்சியாளர், ஆண் சுண்டெலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். ஆண்களுக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. வளர்க்கிற ஹார்மோன் கெடுக்கவும் செய்யும் என்று அந்த எலிகள் செத்துக் காட்டின. ஈஸ்ட்ரோஜனை மார்பகத்தில் வேலை செய்யவிடாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை, 1977-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

என் பெரியம்மா அதை ஐந்து வருஷம் விழுங்கினார். ‘இத்துனூண்டு மாத்திரையாடா என்னைக் காப்பாத்தப் போவுது?’ என்பார். காப்பாற்றியது. பேரன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நான் பி.காம். ஆசாமி. வரவு என்றால் எதிரே பற்று எழுதியாக வேண்டும். பெரியம்மாவின் வருஷங்களுக்கு எதிரே அந்த எலிகளை எழுதிவைத்திருக்கிறேன்.

வீட்டில் எலிப்பொறி வைக்கிறீர்களா? தாராளமாக வையுங்கள். மசால் வடையை மட்டும் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்!