இறகினால் ஓர் ஈ

தூண்டில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மண்புழுதான். ஆனால் உயிருள்ள இரை எதுவுமின்றி, இறகையும் நூலையும் கொண்டு முள்ளின்மேல் ஒரு பூச்சியைக் கட்டி, அதைக் காட்டியே மீனை வரவழைக்கும் கலை ஒன்றுண்டு. அது மிகப் பழமையானது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு மீன்பிடிப்போர் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடியடியில் வளரும் இரண்டு இறகுகளை அதில் பொருத்தியதை எழுதி வைத்திருக்கிறார். அடிப்படை முறை இன்றும் அதுவே.

பணி ஓய்வுக்குப் பின், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் இக்கலையை நான் கற்றேன். வீட்டுக்கருகே ஒரு குளம். அதில் நிறைந்திருந்தது 'புளூகில்' என்னும் மீன். செவுள் மூடியில் நீலச்சாயல் உடையதாதலின் அப்பெயர் பெற்றது. உள்ளங்கையளவே இருக்கும், வாயோ மிகச் சிறிது. 1986 முதல் அதுவே அம்மாநிலத்தின் அடையாள மீன்.

ஈ கட்டுவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிய முள்ளொன்றைக் குறடில் இறுக்கி, தையல் நூலை அதன்மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மயிற்பீலியின் இழைகள் மூன்று நான்கைச் சேர்த்துச் சுற்றினால் வண்டின் முதுகைப் போல் பச்சையாய் மின்னும் உடல் அமையும். கோழிக்கடையில் கேட்டு வாங்கிய சேவலின் கழுத்திறகை முன்புறம் இரண்டு சுற்றுச் சுற்றினால் அது கால்களாய் விரியும். முடிச்சின்மேல் ஒரு துளி நகப்பூச்சு, வேலை முடிந்தது. பழைய ரப்பர் செருப்பின் அடியை நறுக்கி உடலாக்கினால் நீரில் மிதக்கும் பூச்சியும் கிடைக்கும்.

இக்கலைக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகுத் துளிகள் போன்ற புள்ளிகள் இருக்கும். அவற்றை ஈக்குக் கண்ணாகப் பதிக்க ஆங்கிலேயர் பெரிதும் விரும்பினர். இன்று இந்தியாவிலிருந்து அவ்விறகை ஏற்றுமதி செய்வதற்குத் தடை உள்ளது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், நம் நாட்டு ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 1887-இல் தனி நூலே எழுதினார்.

ஈயைக் கட்டுவது எளிது. எதைக் கட்டுவது என்று அறிவதே அரிது. அதற்குக் கரையில் அமர்ந்து நீரைப் பார்க்க வேண்டும். எந்தப் பூச்சி எந்நேரத்தில் விழுகிறது, மீன் அதை எங்ஙனம் எடுக்கிறது என்று நோக்க வேண்டும். புளூகில் கடிப்பதில்லை, வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. உணவன்று என உணர்ந்தால் நொடியில் உமிழ்ந்துவிடும். அந்த நொடியைத் தவறவிடாதவனுக்கே மீன் கிடைக்கும்.

இவ்வாறு பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறொன்றும் புலப்பட்டது. கோடையின் தொடக்கத்தில், ஆழமற்ற கரையோரங்களில், தட்டுத்தட்டாய் வட்டக் குழிகள் தோன்றின. அவை ஆண்மீன்கள் வாலால் பறித்த கூடுகள். பெண்மீன் முட்டையிட்டுச் சென்றுவிடும். தந்தை மீனே அவற்றுக்கு விசிறி, காவல் காத்து, குஞ்சுகள் நீந்தும்வரை அவ்விடத்தை விட்டு அகலாது. அருகில் வரும் எதனையும் அது பாய்ந்து தாக்கும். ஆகவே அக்காலத்தில் எந்த ஈயைப் போட்டாலும் மீன் சிக்கும்.

"நன்னா, இங்கே போடுங்க! எல்லாத்தையும் பிடிச்சிடலாம்!" என்று என் பேரன் துள்ளினான். நான் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, அவனை அருகில் அமர்த்திப் பார்க்கச் சொன்னேன். அங்கு மீன்பிடிக்கத் தடையேதும் இல்லை. ஆயினும் காவல் மீனை எடுத்த சில நிமிடங்களுக்குள் சுற்றியுள்ள மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். பெரிய ஆண்மீன்களையே தொடர்ந்து எடுத்துவந்தால், சிறியவை வளருமுன்னரே இனப்பெருக்கத்தில் இறங்கி, குளத்து மீன்கள் யாவும் சிறுத்துப்போகும் என்பதை ஆய்வாளரும் கண்டிருக்கின்றனர். இவற்றையெல்லாம் அவனுக்கு விளங்கும் சொற்களில் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், "அப்போ அது வாப்பாவா?" என்று கேட்டான். அதன் பிறகு அவன் தூண்டிலைக் கேட்கவில்லை. கூடுகள் வெறுமையான பின்னரே மீண்டும் ஈயை வீசினோம். உணவுக்குப் போதுமான சிலவற்றைக் கொண்டு சென்றோம்.

நம் ஊர்க் குளங்களிலும் விரால் மீன் இவ்வாறே குஞ்சுகளைக் காப்பதை நாம் அறிவோம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலெழும் இடத்தின் கீழே பெரிய விரால் நிற்கும் என்பது தூண்டில்காரர் யாவருக்கும் தெரிந்த செய்தி. அது அங்கே நிற்பது எதற்காக என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமானால், அவர்கள் காலத்திலும் அக்குளங்களில் விரால் இருக்கும்.